நல்ல நேரத்தில் திறந்த சர்வர்

எங்கள் வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் நான். இளையவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. வடக்கனந்தலில் மாடி அறையில் எதிரெதிரே மேசை போட்டு, சென்னையில் இருக்கிற ஒரே கம்பெனிக்கு இரண்டு பேரும் வேலை பார்த்தோம். கேள்விப்படுகிறவர்கள் எல்லாம், "அக்கா தங்கச்சி மாதிரி ஒரே ரூமுல, கொடுத்து வெச்சவங்கம்மா" என்பார்கள். கொடுத்து வைத்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்.

அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா உட்கார்ந்திருந்தாள். புருஷன் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசிக்கு வந்து போவான். கம்ப்யூட்டர் படித்த பெண், பாவம் என்று நானே மேனேஜரிடம் பேசினேன். இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வீடியோவில் எடுப்பாகத் தெரியட்டும் என்று என் ஜிமிக்கியைக் கழற்றி நானே மாட்டிவிட்டேன். சொந்தக் காசில் எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டேன்.

சேர்ந்த சில மாதத்திலேயே மேனேஜருக்கு அவள் பெயர்தான் முதலில் வாயில் வந்தது. நான் ஒரு வேலையை முடித்து அனுப்பினால் "ஓகே" என்று பதில் வரும். அவள் அனுப்பினால் "சூப்பர்மா" என்று வரும். அந்த "மா" எனக்கு ஏன் வருவதில்லை என்று நான் யோசிக்காத நாளில்லை. அவள் குரல் அப்படி. போனை எடுத்தாலே "சொல்லுங்கண்ணா" என்பாள், எதிரில் இருப்பவன் கூடப் பிறந்தவன் போல. நான் எடுத்தால் "ஹலோ, யாரு?" அதற்கென்ன செய்வது, என் தொண்டை அப்படி.

வீட்டிலும் இதே கதைதான். சமையல் எங்கள் இருவருக்கும் வார முறை. ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள். அத்தை போட்ட ஏற்பாடு அது, கணக்குக்கு நியாயமானதுதான். ஆனால் என் வாரத்திலும் காபிக்கு மட்டும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "சின்னவ கையால ஒரு வாய் காபி குடிச்சாதான் தலவலி போவுது" என்பார் அத்தை, நான் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதே. அதே பால், அதே தூள், அதே டபராதான். என் கையில் என்ன வேப்பெண்ணெயா வழிகிறது?

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் வாகனங்கள் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனிக்காக நாங்கள் ஒரு வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டோம். கரும்பு வெட்டுகிற மிஷின், ஏற்றிப்போகிற டிராக்டர், கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற லாரி, எல்லாவற்றுக்கும் அதில்தான் பதிவு. விவசாயிகளில் பாதிப் பேர் தாங்களே போனில் தட்ட மாட்டார்கள். ஊருக்கு ஊர் இருக்கிற பிரவுசிங் சென்டரில் போய் நிற்பார்கள், சென்டர்காரர் பதிவு செய்து கொடுப்பார்.

அந்த வெப்சைட் நாலு சர்வர்களில் ஓடியது. சர்வர் என்றால் கேட்டதற்குப் பதில் சொல்கிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வருகிற கூட்டத்தை நாலுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் ஒன்று நிற்கும், அதற்கு லோட் பேலன்சர் என்று பெயர். கல்யாணப் பந்தியில் வாசலில் நின்றுகொண்டு, "நீங்க அந்த வரிசைக்குப் போங்க, நீங்க இப்படி வாங்க" என்று அனுப்புகிறாரே, அந்த ஆள் செய்கிற வேலை. ஒருவரை ஒரு வரிசையில் உட்கார்த்தினால் கையில் ஒரு சீட்டும் கொடுத்துவிடும். அடுத்த முறை அந்தச் சீட்டோடு வந்தால் அதே வரிசைதான். பிரவுசரை மூடினால் சீட்டு கிழிந்துபோகும், மறுபடி வரும்போது காலியாக இருக்கிற வரிசைக்கு அனுப்பும்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வெப்சைட்டைத் திறந்தார்கள். வாகனக் கம்பெனி முதலாளி ஜோசியரைப் பார்த்து நேரம் குறித்து வாங்கியிருந்தார். அது என் சமையல் வாரம். பார்த்து அன்றைக்கென்று சங்கராபுரத்திலிருந்து அத்தையின் அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் கீழே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மேலே அவள் ஒருத்திதான். சென்டர்காரர்களுக்கென்று கம்பெனி கொடுத்திருந்த செல்போன் அவள் கையில் இருந்தது. மலையிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் வரிசையாக அழைத்தார்கள், எப்படி உள்ளே நுழைவது, எதை அழுத்துவது என்று. "சொல்லுங்கண்ணா, சொல்லுங்கண்ணா" என்று அவள் குரல் மாடிப்படி வழியாக இறங்கி வந்துகொண்டே இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வடை கொஞ்சம் தீய்ந்துதான் போனது.

தை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. கரும்பும் கிழங்கும் ஒரே நேரத்தில் முற்றி நின்றன. காலையில் சென்டர்கள் திறந்து கொஞ்ச நேரத்திலேயே வெப்சைட் திணறும், பக்கம் வராது, பதிவு பாதியில் நிற்கும். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டிய கரும்பு வயலில் காய்ந்தது. மலையில் பிடுங்கிப்போட்ட கிழங்கு லாரி வராமல் கறுத்தது. எங்கள் வீட்டுக்காரரே தன் கரும்புக்கு மிஷின் கிடைக்காமல் என்னைப் பார்த்து, "இன்னா கம்ப்யூட்டரோ, அவசரத்துக்கு ஒதவுற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றார்.

திரையில் நாலு சர்வர்களுக்கும் நாலு கோடு தெரியும். முதல் சர்வரின் கோடு உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மற்ற மூன்றும் தரையோடு படுத்திருந்தன. ஒன்று மூச்சு வாங்கிச் சாகிறது, மூன்று கொட்டாவி விடுகின்றன. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் வீடியோவில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். "இந்த கிளையண்டுக்கு இனிமே ஒரு ஆள் போதும்னு மேல சொல்லிட்டாங்க. ஒருத்தர் அங்கயே வூட்டுலருந்து பாக்கலாம். இன்னொருத்தர் சென்னை ஆபீசுக்கு வந்துடணும். யாருன்னு கிளையண்ட்டையே கேட்டுடுவோம்." சென்னை என்றால் எனக்கு என்ன இருக்கிறது அங்கே? என் புருஷன் நிலத்தோடு இங்கே இருக்கிறார். பெண் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஹாஸ்டலில் போய்க் கிடக்க முடியாது. வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அவளுக்கோ புருஷன் அங்கேயே இருக்கிறான். இது மேனேஜருக்கும் தெரியும். ஆனால் கிளையண்டைக் கேட்டால் யாரைச் சொல்வார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி. இந்தக் கோளாறை நான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் கண்டுபிடிக்கக் கூடாது.

அவள் ஐந்தாவதாக ஒரு சர்வர் சேர்க்கலாம் என்றாள். "சூப்பர்மா, செய்" என்றார் மேனேஜர். நாள் முழுக்க உட்கார்ந்து சேர்த்தாள். மறுநாள் காலை பார்த்தால் ஐந்தாவதும் மற்ற மூன்றோடு சேர்ந்து தரையில் படுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மலையில் கிழங்கு கறுத்துக்கொண்டிருக்கிறது, இங்கே நான் சந்தோஷப்படுகிறேன். முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் சர்வரை அணைத்து எழுப்பிப் பார்த்தோம். எழுந்ததும் அதே கூட்டம் அதே வாசலில் வந்து நின்றது. "சீட்டுதான் காரணமா இருக்கும், பழைய சீட்டோடயே எல்லாரும் வர்றாங்க" என்றேன் நான். மேனேஜர் சிரித்தார். "பிரவுசர மூடுனா அது போயிடுமே. தினம் நைட்டு மூடிட்டுத்தான போவாங்க. ரெண்டு மாசமா மூடாம யாரு வெச்சிருப்பாங்க?" அவளும் லேசாகச் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பழக்கதோஷத்தில் சிரித்திருப்பாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் அத்தையின் ஆதார் அட்டைக்கு நகல் எடுக்க பஸ் ஸ்டாப் பக்கத்திலிருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் சென்டர்காரர் யாருக்கோ சான்றிதழ் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொன்று ஓரமாகச் சும்மா இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே காய்ந்துபோன சாமந்திப்பூ. திரையில் எங்கள் வெப்சைட்.

"இது சும்மாதான இருக்குது. இதுல என் மெயில தொறந்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

"அதுல வேணாங்க. அது வண்டி புக்கிங்குக்கு மட்டும்."

"அத மூடிட்டு தொறந்தா போச்சு."

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "மூடறதா? இன்னாங்க நீங்க. நல்ல நேரத்துல தொறந்ததுங்க அது. கார்த்திகைலருந்து ஓடிக்கினே இருக்குது. ஒரு நாளு மூடல."

"ராத்திரியில?"

"ஸ்க்ரீன மட்டும் அணைச்சிட்டுப் போவேன். கரண்டு போனா நின்னுடக் கூடாதுன்னு இதுக்குன்னே இன்வெர்ட்டர் போட்டு வெச்சிருக்கறன்."

"நீங்க மட்டும்தானா, எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க. மொதலாளியே சொன்னாரு, நேரம் தப்பாம தொறங்க, போணி பண்ணுங்க, தொறந்தத மூடாதீங்கன்னு. கீழ, மல மேல, எல்லா சென்டருலயும் அப்படித்தான் ஓடிக்கினு இருக்குது."

நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. நகலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அவர், "நீங்க சின்னவங்க வூடுதானே? அவங்கள நான் கேட்டேன்னு சொல்லுங்க. ரொம்பத் தங்கமானவங்க" என்றார். அந்தச் சந்தோஷத்திலும் ஒரு முள் குத்தத்தான் செய்தது.

ஸ்கூட்டியில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் தெரியவில்லை. அது அவளிடம்தான் இருந்தது. மாடி ஏறி, செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலிலேயே நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டேன்.

"தொறந்த அன்னைக்கு நல்ல நேரத்துல எத்தன சர்வர் ஓடிக்கினு இருந்துச்சு?"

"ஒண்ணுதான்க்கா. மத்த மூணும் ரெடியாவல. மதியானம் வரைக்கும் பொறுங்கன்னு மேனேஜர் சொன்னாரு, மொதலாளி நேரம் தாண்டிடும்னுட்டாரு. அதனால ஒண்ணோட தொறந்தோம். மூணையும் அப்புறமாத்தான் சேத்தேன். ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

அவ்வளவுதான் சங்கதி. நல்ல நேரத்தில் எல்லாச் சென்டரும் ஒன்றாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அப்போது விழித்திருந்தது ஒரே ஒரு சர்வர். எல்லார் கையிலும் அதன் சீட்டு. நல்ல நேரத்தில் திறந்ததை மூட மாட்டார்கள், மூடாதவரை சீட்டு கிழியாது. அதற்கப்புறம் எத்தனை சர்வர் வந்து நின்றாலும் அதுகளை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சொந்தப் போனில் தட்டுகிற நாலைந்து பேர்தான் மற்றவற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மேனேஜரோடு பேசும்போது நானே எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமம், சாமந்திப்பூ, இன்வெர்ட்டர் எதையும் விடவில்லை. "மூடச் சொன்னா ஒருத்தரும் மூட மாட்டாங்க. அவங்கள ஒண்ணும் செய்யச் சொல்ல வேணாம். நாம சீட்டோட பேர மாத்திடுவோம். பழைய சீட்டு தானா செல்லாமப் போயிடும், லோட் பேலன்சர் புதுச் சீட்டு குடுத்துப் பிரிச்சு அனுப்பிடும். அவங்க திரையில எதுவும் மாறாது" என்றேன். அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சூப்பர்மா" என்றார் மேனேஜர்.

வந்துவிட்டது அந்த "மா". அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பேச்சு முடிந்ததும், "சூப்பர்க்கா. அதுக்குத்தான் கேட்டீங்களா, சொல்லியிருந்தா நானும் சேந்து பாத்திருப்பேன்ல" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை சீட்டின் பெயரை மாற்றினேன். உச்சியில் முட்டிக்கொண்டிருந்த கோடு மெதுவாக இறங்கியது, தரையில் கிடந்தவை எழுந்து வந்தன, ஐந்தும் ஒரே மட்டத்தில் கைகோத்துக்கொண்டு ஓடின. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. என் வாரம் இல்லாதபோதும் கீழே போய் முந்திரி போட்டுக் கேசரி கிளறினேன். எங்கள் கரும்புக்கும் மிஷின் வந்தது.

இனி யார் என்ன சொல்ல முடியும் என்றுதான் இருந்தேன். மேனேஜர் கிளையண்டிடம் கேட்டார். முதலாளிக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும், அவர் சென்டர்காரர்களைக் கேட்டார். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம், "சின்னவங்களே இருக்கட்டுங்க." கோளாறைத் தீர்த்தது யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை, கோளாறு எப்போது தீர்ந்தது என்று அவர்கள் கவனிக்கவும் இல்லை. முதல் நாள் போன் செய்தபோது யார் எடுத்தார்களோ அவர்தான் அவர்களுக்குக் கம்பெனி.

மேனேஜர் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து என் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, நான் வேணாம்னு சொல்லிடட்டுமா? எனக்கு அங்க அவரு இருக்காரு. நீங்க பாப்பாவ வுட்டுட்டு எங்க போவீங்க?"

நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கிடைக்க வேண்டியதை எனக்கே தானம் செய்கிறாள். வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்கலாம். பாப்பாவின் முகம் வந்து நின்றது.

"சொல்லு" என்றேன்.

சொல்லிவிட்டாள். அந்த மாதக் கடைசியில் புருஷன் வந்து அழைத்துப்போனான். அத்தை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் அழுதுவிட்டு வந்தார். போகும்போது கம்பெனி செல்போனைத் துடைத்து, சார்ஜ் போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஜிமிக்கியும் அதன் பக்கத்தில் இருந்தது.

சமையலில் இப்போது முறை எதுவும் கிடையாது, எல்லா வாரமும் என் வாரம்தான். மாடி அறையில் ஒரு மேசை காலி. திங்கட்கிழமை காலை வேலையைத் திறந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. பஸ் ஸ்டாப் சென்டர்காரர். ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்.

"சொல்லுங்கண்ணா" என்றேன்.

"சின்னவங்க இல்லீங்களா?"

"அவங்க சென்னைக்கு மாறிட்டாங்க. இனிமே நான்தான். சொல்லுங்க, நான் பாக்கறேன்."

"எப்ப வருவாங்க?"

"வர மாட்டாங்கண்ணா. பெரியவ பேசறேன். இன்னா பிரச்சினைன்னு சொல்லுங்க, இப்பவே பாத்துடலாம். ஆதார் நகல் எடுக்க வந்தேனே, அன்னைக்குப் பேசினோமே."

"ஆங், ஆங்" என்றார். நினைவுக்கு வந்தமாதிரி இல்லை. பின்னால் யாரோ கிழங்கு லாரியைப் பற்றி அவசரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பரவால்லீங்க. அவங்க சொந்த நம்பரு எங்க எல்லாருகிட்டயும் இருக்குது. நான் அவங்களாண்டயே பேசிக்கறேன்."

வைத்துவிட்டார். திரையில் ஐந்து கோடுகளும் ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த கோபத்தில், இனிமேல் அவர்கள் போனை எடுக்காதே என்று இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவள் எண்ணைப் போட்டேன். அவள் வேறொரு அழைப்பில் இருந்தாள்.